சூப்பிரண்டு சொன்ன ‘எல்லாம் சரி’

என் வீட்டில் ஒரு சர்வர் இருக்கிறது என்று சொன்னால் நம்ம ஊரில் பாதிப் பேருக்கு ஹோட்டல்தான் ஞாபகம் வருகிறது. மீதிப் பேர், பென்ஷன் வாங்குகிற கிழவனுக்கு அது எதற்கு என்று நேராகவே கேட்டுவிடுகிறார்கள். கேட்பதில் தப்பில்லை. கிழக்குப் பக்க அறையில், பழைய நெல் பத்தாயம் கிடந்த இடத்தில், ஒரு கறுப்புப் பெட்டி ராப்பகலாக ஓடுகிறது. உள்ளே ஆறு ஹார்டு டிஸ்க்குகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்டு பில்லில் அதற்கென்று ஒரு பங்கு போகிறது. அந்த ஆறு டிஸ்க்குகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கார்டு உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பதிவு அந்தக் கார்டைப் பற்றியது.

கம்ப்யூட்டர் சமாசாரம் நமக்கு எதற்கு என்று பக்கத்தை மூடிவிட வேண்டாம். உங்களில் பதினொரு வீட்டுக்காரர்களின் பழைய படங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. ஸ்கேன் பண்ணித் தாருங்கள் என்று பிஸ்கட் டின்னிலும் துணிப்பையிலும் கொண்டுவந்து தந்தவை. அதனால் அந்தக் கார்டு உங்களுக்கும் வேண்டப்பட்டதுதான்.

படங்கள் போக என் சொந்தச் சரக்கும் உண்டு. அண்ணன் ஊர் ஊராகக் கொடைக்குப் போய் டேப்ரெக்கார்டரில் பிடித்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகள் 64. அப்பா புதுச்சேரி மில்லில் கணக்கு எழுதிய காலத்துப் பிரெஞ்சுக் காகிதங்கள். கொல்லம் ஆண்டு போட்ட மலையாளப் பத்திரங்கள். எங்கள் குடும்பத்துக்கு இரண்டு நவம்பர் ஒன்றாம் தேதி உண்டு. 1954-இல் அந்தத் தேதியில் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் அதே தேதியில் நம்ம பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. நான் அங்கே பிரெஞ்சு வழியில் படித்தவன். வீட்டுப் பத்திரங்கள் இங்கே மலையாளத்தில். பிழைத்தது தமிழில் கோப்பு எழுதி. இதெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தோன்றியது.

கேசட்டுகளில் ஒன்றின் கடைசியில், பாட்டு முடிந்து அண்ணன் மெஷினை நிறுத்த மறந்த இடத்தில், என் மனைவியின் குரல் நாலு நிமிஷம் இருக்கிறது. பாடவில்லை. மரச்சீனி சரியாக வேகவில்லை என்று என் தங்கச்சியிடம் குறைப்படுகிறாள். அவள் 2014-இல் போய்விட்டாள். அந்தக் கேசட்டின் நாடா இப்போது பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிறது. நம்ம ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்துக்கு நல்லது, வேறெதற்கும் ஆகாது.

பிரதி எடுத்து வைப்பது நம்ம ஊருக்குப் புதிதும் அல்ல. சைதன்ய மகாபிரபு தெற்கே யாத்திரை வந்தபோது பயஸ்வினி ஆற்றங்கரை ஆதிகேசவர் கோயிலில் பிரம்ம சம்ஹிதை ஏட்டைக் கண்டு, கவனமாகப் பிரதி எடுக்கச் சொல்லிக் கொண்டுபோனார் என்று கிருஷ்ணதாச கவிராஜரின் சைதன்ய சரிதாமிருதம் சொல்கிறது. அந்தக் கோயில் நம்முடையதுதான் என்பது பரவலான கருத்து. நூறு அத்தியாயம் கொண்ட நூல் என்பார்கள்; கைக்குக் கிடைத்தது ஐந்தாம் அத்தியாயம் மட்டும். வடக்கே அதை இன்றும் பாராயணம் செய்கிறார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியதால் அது நின்றது. அந்த ஆள் ஒரு வரியைத் தப்பாக எழுதியிருந்தால்? மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கிய முதல் பெட்டி 2011-இல் கடையில் ஆயத்தமாகக் கிடைத்தது. நாலு டிஸ்க். அதற்குள்ளும் ஒரு கார்டு இருந்தது. ரெய்டு கார்டு என்று பெயர். வருமானவரிக்காரர் வரும் ரெய்டு இல்லை. எழுதுவதைத் துண்டுபோட்டு நாலு டிஸ்க்கிலும் பங்கு வைத்து, ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றைக் கொண்டு கணக்குப் போட்டு மீட்டுவிடுகிற ஏற்பாடு. கம்ப்யூட்டருக்கு நாலு டிஸ்க் இருப்பதே தெரியாது. ஒரே ஒரு பெரிய டிஸ்க் இருப்பதாகக் கார்டு அதற்குச் சொல்லி வைத்திருக்கும். உள்ளே எந்தத் துண்டு எங்கே என்பது கார்டுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். நலம் விசாரித்தால் ஒரே ஒரு வார்த்தை பதிலாக வரும்: ‘ஆப்டிமல்’. எல்லாம் சரி.

இந்த மாதிரி ஒரு சூப்பிரண்டை நான் பார்த்திருக்கிறேன். எந்த அலுவலகம், எந்த வருஷம் என்று எழுத மாட்டேன். தபால் எல்லாம் அவர் மேஜைக்குத்தான் போகும். பகிர்மானப் பதிவேட்டில் ஏறுவதற்கு முன்பே பாதியை அவர் தன் அலமாரியில் தன் கணக்குப்படி அடுக்கிவிடுவார். ஊர் பேர் வரிசையும் இல்லை, எண் வரிசையும் இல்லை. அவர் மனதில் ஒரு வரிசை. அதிகாரி மணி அடித்துக் கேட்டால் நொடியில் கோப்பு வரும். “எல்லாம் சரியா இருக்கு சார்.” அதிகாரிக்கும் அது வசதி. யாரும் அலமாரியைத் திறந்து பார்த்ததில்லை. ஒருநாள் மாறுதல் உத்தரவு வந்தது. அவர் அன்றே விடுவிப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஜமாபந்திவரைக்கும் நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் தனிப் பதிவு ஆகும். கோப்புகள் எல்லாம் அங்கேயேதான் இருந்தன. ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

2019 ஆடியில் என் பெட்டியின் கார்டும் அதேபோல விடுவிப்பு வாங்கிக்கொண்டது. நாலு டிஸ்க்கும் கல் மாதிரி நன்றாக இருந்தன. வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் ‘வெற்று டிஸ்க், ஃபார்மட் பண்ணட்டுமா’ என்று கேட்டது. விற்ற இடத்தில் கேட்டபோது, அதே வகைக் கார்டு வேண்டும், அது இப்போது வருவதில்லை என்றார்கள். குரலில் வருத்தம்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் தங்கச்சி பேரன் வருகிறான். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. சனிக்கிழமை இங்கே வந்தால் முதலில் பலாப்பழம், பிறகுதான் பேச்சு. அவன் பெட்டியைப் பிரித்துக் கார்டை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, “பாட்டா, டிஸ்க்கை யாரும் தொடாண்டாம். கார்டுதான் போயிருக்கு. இதுக்க அண்ணன் தம்பி எங்கயாவது இருக்கும், தேடுவோம்” என்றான். இரண்டு மாதம் தேடினோம். கடைசியில் சென்னை ரிச்சி தெருவில், கழித்துப்போட்ட சர்வர்களை உடைத்து விற்கிற ஒரு கடையில், அதே குடும்பத்துக் கார்டு ஒன்று கிடைத்தது. மாட்டினோம். அந்நியக் கணக்கு ஒன்று டிஸ்க்கில் இருக்கிறது, ஏற்கலாமா என்று கேட்டது. ஏற்கச் சொன்னோம். எல்லாம் வந்துவிட்டது.

எல்லாம் என்றா சொன்னேன்? ஏறக்குறைய எல்லாம். 2012-இல் பேரன் கல்லூரிப் பையனாக இருந்தபோது, விளையாட்டாக, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு டி.வி.டி.யில் எழுதிவைத்திருந்தான். ஒரு கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். இப்போது மீட்டதை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டான். ஏழு கோப்புகள் ஒத்துவரவில்லை. ஏழும் எப்போது கெட்டன என்று சொல்ல எந்தப் பதிவும் இல்லை. அத்தனை வருஷமும் அந்தக் கார்டு ‘ஆப்டிமல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அஞ்சுக்கு வேறு பிரதி இருந்தது. இரண்டு போய்விட்டன. இரண்டுமே ஒரே வீட்டுக் கல்யாணப் படங்கள். ஒன்றில் பந்தலுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். முகங்கள்வரை தெரிகிறது, கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம். மூல ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. படத்தைத் தந்தவர் இப்போது இல்லை. அவர் மகளிடம் பாதிப் படத்தைத்தான் கொடுத்தேன். “அம்மைக்க முகம் இருக்குல்லா, அது மதி” என்று வாங்கிக்கொண்டு போனாள்.

என் மனைவியின் நாலு நிமிஷம் ஒத்துவந்தது. அன்று ராத்திரியே பேரனிடம், இனி நடுவில் உட்கார்ந்து ‘எல்லாம் சரி’ என்று சொல்கிற ஆள் எனக்கு வேண்டாம் என்றேன்.

அதற்குத்தான் இந்தக் கார்டு வித்தை. ஆறு டிஸ்க் மாட்டவேண்டும் என்றால் சாதாரண மதர்போர்டில் இடம் போதாது, என்னுடையதில் நாலுதான். ஆகவே ஒரு கார்டு வேண்டும். ஆனால் அது தபால்காரன் மாதிரி இருக்க வேண்டும். வந்ததை வந்தபடி கொடுக்க வேண்டும், உறையைப் பிரிக்கக் கூடாது. அப்படிப்பட்ட கார்டு புதிதாக வாங்கினால் விலை. ஆனால் பெரிய கம்பெனிகளின் டேட்டா சென்டர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை சர்வர்களைக் கழித்துவிடும். அவற்றிலிருந்த ரெய்டு கார்டுகள் சல்லிசாக வெளியே வரும். ஐ.பி.எம். பெயர் போட்ட எம்.1015, டெல் பெயர் போட்ட ஹெச்.200, ஹெச்.310, எல்.எஸ்.ஐ. தன் பெயரிலேயே விற்ற 9211-8ஐ எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது எல்.எஸ்.ஐ.யின் எஸ்.ஏ.எஸ். 2008 என்ற ஒரே சில்லு. ஒரே மாவு, ஒன்று இட்லி, ஒன்று தோசை. எல்.எஸ்.ஐ.யை 2014-இல் அவகோ வாங்கியது. அவகோ 2016-இல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. ஆகவே இப்போது கேட்டால் எல்லாம் பிராட்காம்.

சில்லு ஒன்றாக இருந்தும் குணம் வேறாக இருப்பதற்குக் காரணம் ஃபர்ம்வேர். கார்டிலேயே ஒரு சின்ன நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும் வேலை விதி அது. சாதனத்தைவிட இளகியது, மென்பொருளைவிடக் கெட்டியானது என்பதால் ஆஷர் ஓப்ளர் என்ற அமெரிக்கர் 1967-இல் அந்தப் பெயரைப் போட்டார். நான் படித்த பாஷையில் மிக்ரோலோஜிசியெல். பிரெஞ்சுக்காரர்கள் எதற்கும் தனிப் பெயர் வைக்காமல் விடமாட்டார்கள். கம்ப்யூட்டருக்கே 1955-இல் ஐ.பி.எம்.மின் பிரான்ஸ் கிளை ஒரு பேராசிரியரிடம் எழுதிக் கேட்டு ஓர்தினத்தேர் என்று வாங்கியது. ஃபர்ம்வேரை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதற்கு ஃப்ளாஷ் பண்ணுவது என்று சொல்கிறார்கள். 1980-களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா இந்த வகை நினைவகத்தை உருவாக்கியபோது, ஒரே வீச்சில் எல்லாம் அழிவது கேமரா ஃப்ளாஷ் அடிப்பதுபோல இருக்கிறது என்று கூட வேலைபார்த்தவர் சொன்னாராம். அந்தப் பெயர் நின்றுவிட்டது.

ரெய்டு கார்டின் விதியை அழித்துவிட்டு, ‘ஐ.டி. மோடு’ என்ற விதியை எழுதினால், அதே கார்டு தபால்காரன் ஆகிவிடும். ஐ.டி. என்றால் பேரன் வேலைபார்க்கிற ஐ.டி. இல்லை. இனிஷியேட்டர், டார்கெட்: கேட்பவன், கொடுப்பவன். இரண்டே பேர். நடுவில் மூன்றாவது ஆள் இல்லை. பேரைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் கார்டுகளுக்குப் பொதுப்பெயர் கன்ட்ரோலர். இன்று அதற்கு ஆட்டிவைப்பவன் என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம். பிரெஞ்சில் அந்தச் சொல் பிறந்த கதை வேறு. கோந்த்ர் என்றால் எதிர். ரோல் என்றால் சுருள், பதிவேடு. கோந்த்ர்-ரோல் என்பது ஒரு கணக்குக்கு எதிராக இன்னொரு கை வைத்துக்கொள்ளும் இரண்டாவது பதிவேடு. கணக்கன் எழுதியதை அதோடு வைத்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பதிவேட்டை வைத்திருப்பவன்தான் கோந்த்ரோலேர். பள்ளியில் வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டியது அரை நூற்றாண்டு கழித்து எனக்குப் பிரயோஜனப்பட்டது. என் பழைய கார்டுக்குக் கன்ட்ரோலர் என்று பெயர் இருந்தது, எதிர்ப் பதிவேடு இல்லை.

எதிர்ப் பதிவேடு வேறு இடத்திலிருந்து வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ அரென்ஸும் உருவாக்கி, 2005-இல் எல்லாரும் பார்க்கத் திறந்துவிட்ட ஸெட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறை. அது எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிடுகிறது. அந்த எண்ணைத் துண்டோடு சேர்த்து வைப்பதில்லை. அதைச் சுட்டிக்காட்டும் மேல் துண்டில் வைக்கிறது. பேரேடு ஓர் அலமாரியில், ஒப்பிடும் பதிவேடு வேறு அலமாரியில். படிக்கும்போதெல்லாம் ஒப்பிடும்; ஒத்துவராவிட்டால் மற்ற டிஸ்க்குகளைக் கொண்டு சரியானதைக் கட்டி எழுதிவிட்டு, இந்த டிஸ்க்கில் இத்தனை தப்பு என்று பெயரோடு குறித்தும் வைக்கும். ஆனால் இது நடக்க வேண்டும் என்றால் அதற்கு டிஸ்க்குகள் நேராகத் தெரிய வேண்டும். நடுவில் சூப்பிரண்டு இருந்தால் அவர் சொன்னதைத்தான் அது நம்பும். இதை வீட்டுக்காரர்களும் ஓட்டும்படி ஃப்ரீநாஸ் என்று ஒரு இலவசத் தொகுப்பு இருந்தது. இப்போது ட்ரூநாஸ் என்கிறார்கள். 2005-இல் அதைத் தொடங்கியவர் ஒலிவியே கோஷார்-லாபே என்ற பிரெஞ்சுக்காரர் என்று அறிந்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பேரனிடம் சொன்னேன். “அதுக்கு இப்பம் என்ன பாட்டா, ஸ்க்ரூ டிரைவரை எடுங்க” என்றான்.

கார்டு வந்தது. எம்.1015. மஞ்சள் கவரில், சென்னையிலிருந்து. 2019 ஐப்பசி. மலைப்பக்கம் மத்தியானம் கறுத்தால் சாயந்திரம் இடியும் கரண்டு கட்டும் வரும் என்பது நமக்குப் பஞ்சாங்கம். அழித்துவிட்டு எழுதுவதற்கு முன்னால் கரண்டு போனால் கார்டு செங்கல் ஆகிவிடலாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி என்று நாள் குறித்தோம். யு.பி.எஸ். முந்தின நாளே சார்ஜ் ஏற்றியாயிற்று. டிஸ்க் ஒன்றையும் மாட்டவில்லை. சும்மா ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் கார்டு, ஒரு பென் டிரைவ்.

முதல் காரியம், கார்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்ணை எழுதிக்கொள்வது. பதினாறு எழுத்து, 500605பி என்று தொடங்கும். சர்வே எண் மாதிரி; உலகத்தில் வேறு கார்டுக்கு அது இருக்காது. அழிக்கும்போது இதுவும் போய்விடும். கடைசியில் நாமே திரும்ப எழுத வேண்டும். பேரன் செல்போனில் படம் எடுத்தான். நான் டைரியில் எழுதி, அவனை உரக்கப் படிக்கச் சொல்லி டிக் போட்டேன். நாற்பது வருஷப் பழக்கம்.

பிறகு ஃப்ரீடாஸ். நான் ஆபீசில் முதல்முதல் கம்ப்யூட்டரைத் தொட்டபோது பார்த்த அதே கறுப்புத் திரை, அதே மினுக்கும் கோடு. மெகாரெக் என்ற கருவியால் கார்டின் அடையாளப் பகுதியில் வெற்றுத் தாளை எழுதினான். அடுத்த கட்டளையில் முழுதும் அழித்தான். மெஷினை ஒருமுறை மூடித் திறந்தான். “பாட்டா, இப்பம் இதுக்குப் பேரும் இல்ல, ஊரும் இல்ல. நீங்க அந்த சுச்சுப் பக்கமே போவாதீங்கோ.” நான் ஏற்கெனவே நாற்காலியைத் தள்ளிப் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து எழுத வேண்டும். கட்டளையைத் தட்டினால் ஒரே வரி வந்தது: ஃபெயில்டு டு இனிஷியலைஸ் பால். எனக்குப் புரிந்தது கடைசி வார்த்தை மட்டும். “பால்காரன் இன்னும் வரல்லியே மக்கா” என்றேன். அவன் சிரித்தான், முகம் மட்டும் வெளுத்திருந்தது. கார்டு அழிந்த நிலையில் நிற்கிறது, எழுதும் கருவி முரண்டு பிடிக்கிறது. வெளியே ரப்பர் மரத்துக்கு மேலே வானம் சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் இரண்டுதரம் எட்டிப் பார்த்தேன்.

விஷயம் பெரிதல்ல. புதிய மதர்போர்டுகள் பலவற்றில் இந்தக் கருவியின் டாஸ் வடிவம் ஓடாது. அதே கருவிக்கு இ.எஃப்.ஐ. ஷெல் என்ற வேறு முகப்பில் ஓடும் வடிவம் உண்டு. பென் டிரைவில் அதையும் போட்டுவைத்திருந்தான். மாற்றித் தட்டியதும் எழுத ஆரம்பித்தது. எழுதும் கோப்பு ஒரு எம்.பி.கூட இல்லை, நீங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு படம் இதைவிடப் பெரிது. சாயா ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கூடவே எழுத இன்னொரு சின்னக் கோப்பு உண்டு. அதைப் போட்டால் மெஷின் தொடங்கும்போதெல்லாம் கார்டு தன் டிஸ்க்குகளை எண்ணிக் காட்டிக்கொண்டு நேரம் கடத்தும். அந்த டிஸ்க்கிலிருந்தே மெஷின் கிளம்பவேண்டியவர்களுக்குத்தான் அது தேவை. விட்டுவிட்டோம். கடைசியாக டைரியைப் பார்த்துப் பதினாறு எழுத்தையும் நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். மறுபடி தொடங்கிப் பட்டியல் கேட்டால், ஐ.டி. என்றும் 20.00.07.00 என்றும் வந்தது. இந்தக் கார்டுகளுக்கு நிலைத்துப்போன பதிப்பு இதுதான். அதே வரிசையின் முந்தைய சிலவற்றில் குறைகள் இருந்ததால் இந்த எண்ணைப் பார்த்து வாங்கு, பார்த்து எழுது என்பார்கள்.

ஆறு டிஸ்க்கையும் மாட்டியபோது ஆறும் தனித்தனியாக, கம்பெனிப் பெயர், வரிசை எண், சூடு எத்தனை டிகிரி என்பதுவரை திரையில் வந்து நின்றன. ஒரு ஆபீசில் அலமாரி எல்லாவற்றையும் திறந்து வைத்த மாதிரி இருந்தது.

இந்த ஏற்பாட்டின் பலன் 2021-இல் தெரிந்தது. ஸெட்.எஃப்.எஸ். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி வைத்திருக்கிறோம். ஒருநாள் காலையில் நாலாவது டிஸ்க்கில் மூன்று தப்பு, மூன்றும் சரிசெய்யப்பட்டன என்று செய்தி இருந்தது. அடுத்த மாதம் பதினொன்று. டிஸ்க்கை மாற்றினோம். ஒரு படமும் போகவில்லை. யாருக்கும் போன்பண்ணி மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது இந்தக் கார்டே செத்தாலும் பரவாயில்லை. டிஸ்க்குகளைக் கழற்றி இன்னொரு தபால்காரனிடம் கொடுத்தால் போதும். எழுத்து டிஸ்க்கில் இருக்கிறது, தபால்காரன் மனதில் இல்லை. இருந்தாலும் அலமாரியில் ஃப்ளாஷ் பண்ணிய இன்னொரு கார்டு வைத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது கார்டு தேடிப் புறப்பட்டால் சில வார்த்தை. இரண்டு டிஸ்க் மட்டும் என்றால் இது ஒன்றும் வேண்டாம். மதர்போர்டில் உள்ள இடமே தாராளம். புதிய தலைமுறைக் கார்டுகளில் பிறக்கும்போதே தபால்காரர்களாக வருபவை உண்டு. கையில் காசு இருந்தால் அதை வாங்கி நிம்மதியாக இருக்கலாம். டெல் பெயர் போட்டவை சில மதர்போர்டுகளில் மெஷினையே தொடங்கவிடாது. கார்டின் தங்கப் பட்டைகளில் பி5, பி6 என்ற இரண்டின் மேல் சின்ன டேப் ஒட்டினால் சரியாகிவிடும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கைமருந்து. இந்தக் கார்டுகள் எல்லாம் சர்வர் அறையின் பெருங்காற்றை நம்பிச் செய்தவை, நம்ம வீட்டுப் பெட்டியில் கொதித்துவிடும். ஒரு குட்டி ஃபேனை அதன் தலைக்கு நேராகக் கட்டிவிடுங்கள். கார்டு ஏற்கெனவே ஒழுங்காக ஐ.டி. விதியில் ஓடிக்கொண்டிருந்தால், பதிப்பு எண் பழையது என்பதற்காக மட்டும் அதைக் கிளறவேண்டாம். இத்தனையும் செய்துவிட்டு ஒரே வீட்டில் வைத்திருந்தால் இடி விழுந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். என்னுடையதன் இன்னொரு பிரதி திருவனந்தபுரத்தில் பேரன் வீட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒரு டிஸ்க் பஸ்ஸில் போய் வருகிறது.

2022 ஜூலை 6 அன்று ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்ததே, அன்று நம்ம ஆட்கள் செல்போனில் எடுத்த படங்களையும் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்னும் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். கேபிளோடு போனையே எடுத்துக்கொண்டு வந்தால் பத்து நிமிஷ வேலை.

கடைசியாக ஒரு அறிவிப்பு. போன மாசியில் யாரோ திண்ணையில் வைத்துவிட்டுப் போன பழுப்பு உறையில் ஒன்பது கறுப்பு-வெள்ளைப் படங்கள் இருந்தன. பெயர் எழுதவில்லை. ஒன்றில் ஓட்டுவீட்டு முற்றத்தில் பெரியவர் ஒருவர் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்பக்கம் மார்த்தாண்டத்து ஸ்டூடியோ முத்திரை. ஸ்கேன் பண்ணி முடித்துவிட்டேன். உடையவர்கள் காலை பத்து மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வந்தால் நான் ஆற்றில் இருப்பேன்.